பழைய தரவுத்தளச் செயலியின் உள்ளமைப்பைப் படித்தறிதல்: வன்னிச் சங்கங்களுக்கான முழுமையான வழிகாட்டி

சங்க அலுவலகத்தின் மூலையில் ஒரு பழைய கணினி. அதில் விண்டோஸ் எக்ஸ்பி, அதன் மேல் மைக்ரோசொப்டின் தரவுத்தள மென்பொருளான அக்சஸில் செய்த ஒரு செயலி. அங்கத்தவர் விபரம், உரக்கடன், நெல் கொள்வனவு, பற்றுச்சீட்டு எல்லாம் அதற்குள்தான். எழுதியவர் ஊரில் இல்லை, எழுதிவைத்த குறிப்பும் இல்லை. கணக்காய்வுக்கு வருபவர் ஒரு தொகையைக் காட்டி "இது எப்படி வந்தது?" என்று கேட்டால், "கணினி சொல்கிறது" என்பதற்கு மேல் ஒருவராலும் பதில் சொல்ல முடியாது.

இந்த வழிகாட்டி அந்தக் கேள்விக்குப் பதில் தேடுபவர்களுக்கானது. புதிய செயலி செய்வதோ பழையதைத் திருத்துவதோ இங்கே நோக்கமல்ல. என்ன இருக்கிறது, அது எப்படி ஓடுகிறது என்பதை அறிவதே நோக்கம். அதை அறியாமல் திருத்தப் போனால் தரவு அழியலாம். உதாரணத்துக்கு, உரத்தைக் கடனாகக் கொடுத்து அறுவடையில் நெல்லாக அறவிடும் ஒரு கமக்காரர் சங்கத்தின் அக்சஸ் செயலியை எடுத்துக்கொள்கிறோம். விஷுவல் பேசிக், பொக்ஸ்புரோவில் செய்தவற்றுக்குப் படி 6 இன் பின் சில குறிப்புகள் உண்டு.

படி 1: பிரதி எடுத்தல்

செயலி இருக்கும் கோப்புறையை முழுதாகப் பாருங்கள். பெயர் எம்டிபி என்று முடிவது தரவுத்தளக் கோப்பு. எம்டிஈ என்று முடிந்தால் அது நிரல் மூடப்பட்ட பிரதி. அதிலிருந்து அட்டவணைகளையும் வினவல்களையும் (தரவைத் தேடி எடுக்கவோ மாற்றவோ சேமித்து வைத்த கட்டளைகள்) எடுக்கலாம், நிரலை வாசிக்க முடியாது. மூல எம்டிபி எங்காவது ஒரு சீடியில் கிடக்கிறதா என்று அலுமாரிகளைத் தேடிப் பார்ப்பது வீண்வேலை அல்ல. எம்டிடபிள்யூ என்று முடிவது பயனர்களின் பெயர்களும் குழுக்களும் கடவுச்சொற்களும் இருக்கும் கோப்பு. அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் கொண்டுபோனால் வேறு கணினியில் திறக்காமல் போகலாம்.

எல்டிபி என்ற சிறிய கோப்பு தெரிந்தால் யாரோ செயலியைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அல்லது முன்னொரு முறை மின்சாரம் போய் அது அப்படியே நின்றுவிட்டது. அதை நோட்பாடில் திறந்தால் எந்தக் கணினி, எந்தப் பயனர் என்று தெரியும். எல்லாரும் மூடிய பின்னரே பிரதி எடுக்க வேண்டும். திறந்திருக்கும்போது எடுத்த பிரதி அரைகுறையாக இருக்கலாம்.

மூன்று பிரதிகள் எடுங்கள். ஒன்று அலுவலகத்துக்கு வெளியே இருக்கட்டும். ஒன்றை வாசிக்க மட்டும் என்று பூட்டி வையுங்கள். மற்றதில் வேலை செய்யுங்கள். மூலக் கோப்பில், கோப்பைச் சுருக்கிச் சீராக்கும் "கொம்பக்ட் அண்ட் ரிப்பெயார்" செய்யவே கூடாது. அழித்த பதிவுகளின் எச்சங்கள் கோப்புக்குள் இன்னும் கிடக்கலாம். கொம்பக்ட் செய்தால் அவை திரும்பாது. மின்வெட்டு நேரத்தில் கொம்பக்ட் ஓடிக்கொண்டிருந்தால் கோப்பையே இழக்கவும் நேரும். யூபிஎஸ் இல்லாத இடத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

அடுத்து, எந்த அக்சஸ் பதிப்பு தேவை என்று பாருங்கள். அக்சஸ் 97 இல் செய்த கோப்பை அக்சஸ் 2013 உம் அதற்குப் பின்வந்தவையும் திறக்கா. 2003, 2007 அல்லது 2010 பதிப்பு ஒன்றில் வேலைப் பிரதியைத் திறந்து 2002-2003 வடிவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எம்டிபி கோப்பின் உச்ச அளவு 2 ஜிபி, 97 இல் 1 ஜிபி. உங்கள் கோப்பு அந்த எல்லையை நெருங்கியிருந்தால் அதை முதலில் குறித்து வையுங்கள்.

படி 2: உள்ளே நுழைதல்

திறந்தவுடன் முகப்புத் திரை வந்து மற்றதெல்லாம் மறைந்தால், மூடிவிட்டு சிஃப்ட் விசையை அழுத்தியபடி மீண்டும் திறவுங்கள். தொடக்கப் படிவமும் ஓட்டோஎக்செக் என்ற மெக்ரோவும் (திறந்தவுடன் தானாக ஓடும் கட்டளை வரிசை) ஓடாமல் உள்ளே போகலாம். சிஃப்ட் வேலை செய்யாதபடி எழுதியவர் அடைத்திருந்தால், வெறுமையான புதிய தரவுத்தளம் ஒன்றை உருவாக்கி, பழையதிலிருந்து எல்லாவற்றையும் இறக்குமதி செய்யுங்கள். கடவுச்சொல் கேட்டால் முதலில் சங்கத்தின் பழைய பொதுமுகாமையாளரையும் பதிவு செய்தவர்களையும் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு பழைய கொப்பியின் பின்னட்டையில் அது எழுதப்பட்டிருக்கும். இந்த வேலைக்குச் சங்கத்தின் எழுத்துமூல அனுமதி இருக்க வேண்டும். உள்ளே இருப்பது குடும்பங்களின் கடனும் காணியும் அடையாள அட்டை எண்ணும்.

உள்ளே போனதும் ஒரே ஒரு வினவலை எழுதுங்கள்: எம்சிஸ்ஒப்ஜெக்ட்ஸ் என்ற மறைவான அட்டவணையிலிருந்து பெயர், வகை, உருவாக்கிய திகதி, கடைசியாக மாற்றிய திகதி ஆகிய நான்கு புலங்கள். வகை என்ற புலத்தில் வரும் எண்கள் இவற்றைக் குறிக்கும்:

1 – இக்கோப்பிலேயே உள்ள அட்டவணை
6 – வேறு கோப்பிலிருந்து இணைத்த அட்டவணை
4 – ஓடிபிசி (வேறு தரவுத்தளங்களோடு இணைக்கும் பொது வழி) வழியாக இணைத்த அட்டவணை
5 – வினவல்
-32768 – படிவம்
-32764 – அறிக்கை
-32766 – மெக்ரோ
-32761 – நிரல் தொகுதி

இந்தப் பட்டியலை அச்சிட்டு மேசையில் வையுங்கள். இதுதான் செயலியின் வரைபடம். வினவல்களில் அலைக்குறியோடு தொடங்கும் பெயர்கள் பல வரலாம். அவை படிவங்களுக்கும் அறிக்கைகளுக்கும் உள்ளே எழுதிய வினவல்களை அக்சஸ் தானே சேமித்து வைத்தவை. தேவையற்ற குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

வகை 6 நிறைய இருந்தால் செயலி இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: திரைகள் ஒரு கோப்பில், தரவு இன்னொன்றில். தரவுக் கோப்பின் பாதை அதே மறைவான அட்டவணையின் டேட்டாபேஸ் என்ற புலத்தில் எழுதப்பட்டிருக்கும். இதைப் பார்க்காமல் திரைக்கோப்பை மட்டும் பென் டிரைவில் "பக்கப்" என்று எடுத்து, ஆண்டுக்கணக்காக வெறும் திரைகளைச் சேமித்து வைப்பது அடிக்கடி நடக்கும் பிழை. பாதை இன்னும் பழைய மூலக் கணினியைக் காட்டினால், நீங்கள் பிரதியில் செய்யும் மாற்றமெல்லாம் உண்மைத் தரவில் போய் விழும். வலையமைப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு, இணைப்புகளைப் பிரதியின் பாதைக்கு மாற்றிய பின்பே மேலே செல்லுங்கள்.

படி 3: அட்டவணைகளை வாசித்தல்

ஒவ்வோர் அட்டவணைக்கும் ஒரு தாள். பெயர், பதிவுகளின் எண்ணிக்கை, மிகப் பழைய திகதி, மிகப் புதிய திகதி, முதன்மைச் சாவி (ஒவ்வொரு பதிவையும் தனித்துக் காட்டும் புலம்). இவ்வளவு போதும். எண்ணிக்கை எடுக்கச் சிறு நிரல் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: இணைத்த அட்டவணைகளுக்கு ரெக்கோட்கவுண்ட் எப்போதும் -1 என்றே காட்டும். டிகவுண்ட் கொண்டு எண்ணுங்கள்.

எண்ணிக்கையே பாதி கதையைச் சொல்லிவிடும். ஐந்து பதிவும் பத்துப் பதிவும் உள்ளவை குறிப்பு அட்டவணைகள்: போகம், உரவகை, கிராம அலுவலர் பிரிவு. சில நூறு அல்லது சில ஆயிரம் உள்ளது அங்கத்தவர். பல ஆயிரம் உள்ளவை நாளாந்தக் கொடுக்கல் வாங்கல். கடைசித் திகதி பல ஆண்டுக்கு முந்தியதாக இருந்தால் அது செத்த அட்டவணை. ஆனாலும் ஏதாவது அறிக்கை அதைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். "பழைய", "புதிய", "புதிய 2" என்று ஒரே பெயரில் மூன்று இருந்தால் எது உயிரோடு இருக்கிறது என்பதைப் பெயரைக் கொண்டு முடிவுசெய்யாதீர்கள். திகதியைக் கொண்டு முடிவுசெய்யுங்கள்.

வன்னித் தரவில் குறிப்பாகப் பார்க்க வேண்டியவை சில.

அங்கத்தவர் சேர்ந்த திகதி. நூற்றுக்கணக்கானோருக்கு ஒரே நாள் இருந்தால், அது மீள்குடியேற்றத்துக்குப் பின் மொத்தமாகப் பதிந்த நாளாக இருக்கும். 2008, 2009 இடப்பெயர்வில் பழைய பதிவேடுகளைப் பறிகொடுத்த சங்கத்தில் உண்மையான சேர்ந்த திகதி கணினியில் இருக்காது. அந்தத் திகதியைக் கொண்டு அங்கத்தவரின் மூப்பைக் கணக்கிடும் எந்த வினவலும் பிழையான விடையையே தரும். மூத்த அங்கத்தவர்களின் கையில் பழைய பங்குச் சீட்டு இருந்தால் அதுதான் சான்று.

அடையாள அட்டை எண். பழையது ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், 2016 இலிருந்து பன்னிரண்டு இலக்கம். புலத்தின் நீளம் 10 என்று வைத்துச் செய்த செயலியில் புதிய எண் நுழையாது. பதிபவர்கள் வேலையை நிறுத்த முடியாமல், கடைசி இரண்டு இலக்கத்தை வெட்டியோ "குறிப்பு" என்ற புலத்தில் எழுதியோ சமாளித்திருப்பார்கள். நீளத்தின்படி எண்ணிப் பாருங்கள்: 10 எத்தனை, 12 எத்தனை, மற்றவை எத்தனை. நீளம் 10 இருந்தும் கடைசியில் எழுத்து இல்லாதவை வெட்டுப்பட்டவை. பிறந்த ஆண்டை முதல் இரண்டு இலக்கத்திலிருந்து எடுக்கும் நிரல் இருந்தால், புதிய எண் உள்ள எல்லாருக்கும் அது "19" அல்லது "20" என்ற விடையைத் தரும்.

இடப்பெயர். "மாந்தை" என்று மட்டும் எழுதியிருந்தால் அது முல்லைத்தீவு மாவட்டத்து மாந்தை கிழக்கா, மன்னார் மாவட்டத்து மாந்தை மேற்கா என்று தெரியாது. "புதுக்குடியிருப்பு" ஊரா, பிரதேச செயலகப் பிரிவா? "முறிகண்டி", "முறுகண்டி" இரண்டும் வரும். இடத்தைக் கையால் தட்டிப் பதியவிட்ட செயலியா, பட்டியலிலிருந்து தெரிவு செய்யவிட்ட செயலியா என்று பாருங்கள். கையால் தட்டியதென்றால் இட வாரியான எந்த அறிக்கையையும் நம்பக் கூடாது.

போகம். இதுதான் இந்தச் செயலிகளின் உயிர்நாடி, எழுதியவர்கள் அதிகம் தடுமாறிய இடமும் இதுவே. பெரும்போகம் ஓர் ஆண்டில் விதைத்து அடுத்த ஆண்டில் அறுப்பது. 2011 நவம்பரில் கொடுத்த உரக்கடனை 2012 பெப்ரவரி, மார்ச்சில் நெல்லாக அறவிடுகிறார்கள். செயலி போகத்தை "2011/12" என்று தனியே பதிகிறதா, அல்லது திகதியிலிருந்து ஆண்டை எடுத்துக்கொள்கிறதா? இரண்டாவது வகையென்றால் கடன் 2011 இலும் அறவீடு 2012 இலும் விழும். ஆண்டு இறுதி அறிக்கையில் எல்லாக் கமக்காரரும் கடனாளிகளாகத் தெரிவார்கள். இதைச் சமாளிக்க எங்காவது ஒரு வினவலில் "மாதம் 10 அல்லது அதற்கு மேல் என்றால் ஆண்டோடு 1 கூட்டு" என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். அதைக் கண்டுபிடித்து, சிவப்பு மையால் தாளில் எழுதி வையுங்கள். எல்லா வினவலிலும் அது ஒரேமாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றில் 10 என்றும் இன்னொன்றில் 9 என்றும் இருந்தால், செப்ரெம்பரில் கொடுத்த கடன் இரண்டு அறிக்கைகளில் இரண்டு போகத்தில் வரும்.

படி 4: பாமினி

வேறு நாட்டு வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. எங்களுக்கு மிகப் பெரிய பொறி இதுதான்.

பழைய செயலிகளில் தமிழ்ப் பெயர்கள் பாமினி எழுத்துருவில் இருக்கும். கோப்புக்குள் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகள் மட்டுமே இருக்கும், எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. "நெல்" என்ற சொல் உள்ளே நான்கு குறிகள்: என், ஈ, வை, அரைப்புள்ளி. ஒற்றைக் கொம்புக்குரிய என் முதலில் வருகிறது, "ந" பிறகு. தமிழைத் தமிழாகவே சேமிக்கும் குறிமுறையான யுனிகோட்டில் "ந" முதல், கொம்பு பிறகு. மாற்றும்போது இந்த வரிசையைத் திருப்ப வேண்டும். "கொ" போல முன்னும் பின்னும் குறி உள்ளவற்றை முதலில் மாற்றிய பிறகே "கெ" போன்றவற்றை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் "கொ" எல்லாம் உடைந்து நிற்கும்.

இனி அக்சஸில் மட்டும் வரும் விபரீதம். பாமினியில் சிறிய எஃப் "க", பெரிய எஃப் "கு". சிறிய என் ஒற்றைக் கொம்பு, பெரிய என் இரட்டைக் கொம்பு. அக்சஸோ ஒப்பிடும்போது சிறிய எழுத்து, பெரிய எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை. ஆகவே அதற்குக் "கடை"யும் "குடை"யும் ஒன்று, "கொடி"யும் "கோடி"யும் ஒன்று. தமிழ்ப் பெயரை வைத்து இரு அட்டவணைகளை இணைத்த வினவல் இருந்தால், வேறு வேறு ஆட்கள் ஒருவராகியிருக்கலாம். பெயர்ப் புலத்தில் "இரட்டிப்பு வேண்டாம்" என்று வைத்திருந்தால், ஒருவரைப் பதியவே முடியாமல் போயிருக்கலாம். சரியாக ஒப்பிட எஸ்டிஆர்கொம்ப் என்ற செயற்கூற்றைப் பயன்படுத்தி, மூன்றாவது மதிப்பாக 0 கொடுக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. "ர்" என்பதை யூ அரைப்புள்ளி என்றும், எச் அரைப்புள்ளி என்றும், பெரிய எச் என்றும் மூன்று விதமாகத் தட்டலாம். திரையில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். ஆகவே "குமார்" என்று தேடினால் மூன்றில் ஒரு பகுதி குமார்கள் மட்டும் வருவார்கள். "ஆள் கணினியில் இல்லை" என்று கமக்காரரைத் திருப்பி அனுப்பிய பிறகு, வேறொரு இலக்கத்தில் அவரே இரண்டாம் முறை பதியப்பட்டிருப்பார். இரட்டைப் பதிவுகளைத் தேடும்போது பெயரை விட்டுவிட்டு அடையாள அட்டை எண்ணைக் கொண்டு தேடுங்கள்.

எந்தப் புலம் பாமினி, எந்தப் புலம் ஆங்கிலம் என்று அட்டவணை சொல்லாது. படிவத்தை வடிவமைப்புப் பார்வையில் திறந்து, ஒவ்வொரு பெட்டியின் எழுத்துருப் பெயரையும் பாருங்கள். அதை உங்கள் தாளில் புலத்துக்கு நேரே எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக யுனிகோட்டுக்கு மாற்றினால், பழைய அடையாள அட்டை எண்ணின் கடைசியில் உள்ள வி எழுத்து "ஏ" ஆகிவிடும், எக்ஸ் "ஓ" ஆகிவிடும். பாமினியில் "இ" காற்புள்ளி. காற்புள்ளியால் பிரித்த கோப்பாக மேற்கோள் குறியின்றி ஏற்றுமதி செய்தால், "இராசையா" தொடங்கும் இடத்தில் வரி உடைந்து, அதற்குப் பிறகு வரும் தொகைகள் ஒரு கட்டம் தள்ளி விழும். எக்செலுக்கு நேரடியாக ஏற்றுமதி செய்யுங்கள்.

பழைய புலத்திலேயே மாற்றி எழுத வேண்டாம். பக்கத்தில் புதிய புலம் ஒன்றைச் சேர்த்து அதில் யுனிகோட்டை வையுங்கள். அக்சஸ் 2000 இலிருந்து கோப்பு யுனிகோட்டைத் தாங்கும். ஆனால் விஷுவல் பேசிக் 6 இல் செய்த திரைகளின் சாதாரணப் பெட்டிகள் தாங்கா, வெறும் கேள்விக்குறிகளையே காட்டும்.

படி 5: ஒரு பதிவைப் போட்டுப் பின்தொடர்தல்

நிரலை வாசிக்கத் தொடங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். குளத்தின் வாய்க்கால் எது எந்த வயலுக்குப் போகிறது என்று அறியத் துருசைத் திறந்து தண்ணீரின் பின்னே நடப்பதுபோல, ஒரு பதிவைப் போட்டு அது எங்கெல்லாம் போய்ச் சேர்கிறது என்று பார்ப்பது.

வேலைப் பிரதியின் இன்னொரு பிரதியை எடுத்து "முன்" என்று பெயரிடுங்கள். ஒரு சோதனை அங்கத்தவரைத் தெரிவுசெய்து, அவரின் பெயரில் 777.77 கிலோ நெல் கொள்வனவைத் திரை வழியாகவே பதியுங்கள். வேறெங்கும் தற்செயலாக வராத எண்ணாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த எண். பதிந்ததும் செயலியை மூடி, கோப்பைப் பிரதி எடுத்து "பின்" என்று பெயரிடுங்கள். இப்போது இரண்டு கோப்பிலும் எல்லா அட்டவணைகளின் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். கொள்வனவு அட்டவணையில் ஒன்று கூடியிருக்கும். பற்றுச்சீட்டிலும் கடன் அறவீட்டிலும் ஒன்று கூடியிருக்கலாம். எதிர்பாராத இடத்தில் கூடியிருந்தால் அதுவே நீங்கள் தேடிய மறைவான வழி.

எண்ணிக்கை மாறாமலே உள்ளே இருக்கும் மதிப்பு மாறலாம். அங்கத்தவரின் பதிவை இரு கோப்பிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "மீதி" என்ற புலம் மாறியிருந்தால், செயலி மீதியைக் கணக்கிட்டுக் காட்டவில்லை, எழுதிச் சேமிக்கிறது. அப்படியென்றால் இரண்டாம் சோதனை அவசியம்: அதே பதிவைத் திறந்து 777.77 ஐ 700 ஆக்குங்கள். மீதி பழைய தொகையைக் கழித்துப் புதியதைக் கூட்டியதா, அல்லது 700 ஐயும் மேலதிகமாகக் கூட்டிவிட்டதா? மூன்றாவதாக, பதிவை அழியுங்கள். மீதி பழைய நிலைக்குத் திரும்பியதா? பதிதல், திருத்தல், அழித்தல் மூன்றையும் கடந்து சரியான மீதி நின்றால்தான் அந்தப் புலத்தை நம்பலாம். அழிக்கும்போது திரும்பாவிட்டால், ஆண்டுக்கணக்காக அழித்த ஒவ்வொரு பதிவும் யாரோ ஒருவரின் மீதியில் இன்னும் நிற்கிறது.

இந்தச் சோதனையில் இன்னொன்றும் தெரியவரும். பதியத் தொடங்கி, எஸ்கேப் விசையை அழுத்தி விட்டுவிட்டால், தானாக வரும் தொடர் இலக்கம் ஒன்று வீணாகும். அதனால் பற்றுச்சீட்டு 1041 க்குப் பிறகு 1043 வரும். இலக்கம் விடுபட்டிருக்கிறது என்பதை மட்டும் வைத்துப் பதிந்த பிள்ளைகள் மேல் பழி போடாதீர்கள். அச்சிட்ட சிட்டைப் புத்தகத்தின் இலக்கத்தோடு ஒப்பிட்ட பின்பே பேசுங்கள்.

படி 6: நிரலை வாசித்தல்

நிரல் திரையைத் திறக்க ஓல்ட், எஃப்11 இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். முதலில் டூல்ஸ் பகுதியில் ரெஃபரன்சஸ் பட்டியல், அதாவது நிரல் சார்ந்திருக்கும் வெளிக் கோப்புகள். "மிஸ்ஸிங்" என்று ஒன்று இருந்தால், அதனோடு தொடர்பில்லாத சாதாரணத் திகதி, எழுத்துச் செயற்கூறுகள்கூட வேலை செய்யாமல் நிற்கும். நிரல் பிழை என்று மயங்க வேண்டாம். பிறகு டிபக் பகுதியில் கொம்பைல் செய்து நிரல் முழுவதையும் சரிபாருங்கள். எங்கே உடைகிறதோ அது ஏற்கெனவே ஓடாத பகுதி.

மேலிருந்து கீழாக வாசிக்காதீர்கள். முழுச் செயலியிலும் தேடுங்கள். தரவை மாற்றும் சொற்கள்தான் முக்கியம்: இன்சேர்ட், அப்டேட், டிலீட், ரன்எஸ்கியூஎல், எக்சிகியூட், அட்நியூ. கிடைத்த ஒவ்வோர் இடத்துக்கும் எந்தப் படிவம், எந்தப் பொத்தான், எந்த அட்டவணை என்று மூன்று சொல்லில் குறிப்பு எடுங்கள். படி 5 இல் கண்ட வழிகள் எல்லாம் இதில் வர வேண்டும். வராத ஒன்று இருந்தால் அது மெக்ரோவிலோ சேமித்த வினவலிலோ இருக்கிறது.

எச்சரிக்கைகளைக் காட்டும் "செட்வோர்னிங்ஸ்" நிறுத்தப்பட்ட இடங்களையும், பிழை வந்தாலும் தொடர்ந்து போ என்ற "ரெசியூம் நெக்ஸ்ட்" வரிகளையும் தனியாகக் குறியுங்கள். அந்த இடங்களில் பதிவு விழாமல் போனாலும் திரையில் ஒரு சத்தமும் வராது. தொகை பொருந்தாத இடத்தைத் தேடும்போது முதலில் போக வேண்டிய இடங்கள் இவை.

திகதி. திரையில் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகிறோம். நிரலுக்குள் எஸ்கியூஎல் வாக்கியத்தில் ஹேஷ் குறிகளுக்கு நடுவே ஒட்டினால், அக்சஸ் அதை மாதம், நாள், ஆண்டு என்றே வாசிக்கும். கணினியின் அமைப்பு எதுவாக இருந்தாலும் இது மாறாது. 2012 பெப்ரவரி 10 இல் வாங்கிய நெல் ஒக்டோபர் 2 இல் போய் நிற்கும். பெப்ரவரி 20 ஆம் திகதியோ சரியாக விழும், இருபதாம் மாதம் இல்லாததால். அதனால்தான் இந்தப் பிழை கண்ணில் படாமல் ஆண்டுக்கணக்காக வாழ்கிறது. கொள்வனவுகளை மாதவாரியாக எண்ணிப் பாருங்கள். அறுவடையே இல்லாத ஒக்டோபரிலும் டிசெம்பரிலும் நெல் வந்திருந்து, அவற்றின் நாள் எல்லாம் 1, 2, 3 என்றே இருந்தால், திகதி புரண்டிருக்கிறது.

பணம். புலத்தின் வகை "கரன்சி" என்றால் நிம்மதி. "சிங்கிள்" என்றால் ஏழு இலக்கம் வரையே நம்பலாம்: 1,234,567.85 ரூபாவை அது 1,234,567.875 என்று வைத்திருக்கும், திரையில் 1,234,568 என்று காட்டும். முழுமையாக்கலிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நிரலில் உள்ள ரவுண்ட் செயற்கூறு 12.5 ஐ 12 ஆக்கும், 13.5 ஐ 14 ஆக்கும். நடுவில் நிற்பதை இரட்டை எண் பக்கம் தள்ளும். எக்செல் 12.5 ஐ 13 ஆக்கும். எக்செலில் சரிபார்த்து ஒரு ரூபா குறைகிறது என்பவர்களுக்கு விடை இதுதான்.

நிரலுக்குள் நேராக எழுதிய எண்களையும் தேடுங்கள்: நெல்லின் ஈரப்பதனுக்கு 14, உரப்பைக்கு 50, புசலுக்கு இத்தனை கிலோ, வட்டி வீதம். அட்டவணையில் விலையை மாற்றியும் அறிக்கை மாறவில்லை என்றால் காரணம் இவற்றில் ஒன்று.

அக்சஸ் அல்லாதவை

விஷுவல் பேசிக் 6 செயலியில் திரைகள் எக்ஸ்ஈ கோப்பிலும் தரவு எம்டிபியிலும் இருக்கும். மூலநிரல் இல்லாவிட்டாலும் படி 3, 4, 5 அப்படியே பொருந்தும். 64 பிட் விண்டோஸில் "இணைப்பு இல்லை" என்றால், ஓடிபிசி அமைப்பின் 32 பிட் திரையைத் திறக்க வேண்டும். அது சிஸ்வாவ்64 என்ற கோப்புறையில் இருக்கிறது, பெயருக்கு மாறாக. ஆர்பிடி என்று முடியும் கோப்புகள் கிறிஸ்டல் ரிப்போர்ட்ஸ் என்ற மென்பொருளில் செய்த அறிக்கைகள். கணக்கிடும் சூத்திரங்கள் அவற்றுக்குள்ளேயே ஒளிந்திருக்கும்.

பொக்ஸ்புரோவில் ஒவ்வோர் அட்டவணையும் தனித்தனி டிபிஎஃப் கோப்பு. நீண்ட குறிப்புகள் எஃப்பிடி கோப்பிலும் சுட்டிகள் சிடிஎக்ஸ் கோப்பிலும் இருக்கும். மூன்றையும் சேர்த்தே பிரதி எடுங்கள். அழித்த பதிவு உடனே போகாது. அதன் முதல் பைட்டில் ஒரு நட்சத்திரக் குறி விழும், அழித்தவற்றை நிரந்தரமாக நீக்கும் பக் கட்டளை கொடுக்கும்வரை அங்கேயே இருக்கும். அழித்ததாகச் சொல்லப்படும் பதிவுகளை மீட்க இது நல்ல வாய்ப்பு. அதே காரணத்தால், வேறு மென்பொருளில் திறக்கும்போது அழித்தவையும் சேர்ந்து எண்ணப்பட்டுத் தொகை கூடிக் காட்டலாம்.

படி 7: காகிதத்தோடு பொருத்துதல்

முடித்துவிட்ட ஒரு போகத்தின் அச்சிட்ட அறிக்கையைப் பழைய கோவையிலிருந்து எடுங்கள், கையொப்பமும் முத்திரையும் உள்ளதாக. அதே அறிக்கையை வேலைப் பிரதியில் ஓட்டுங்கள். பிறகு அறிக்கையை விட்டுவிட்டு, அட்டவணையிலிருந்து நேரடியாக உங்கள் சொந்த வினவலால் அதே தொகையை எடுங்கள். காகிதம், அறிக்கை, உங்கள் வினவல் மூன்றும் ஒன்றானால் அந்தப் பகுதியை விளங்கிக்கொண்டீர்கள்.

காகிதமும் அறிக்கையும் பொருந்தாவிட்டால், அச்சிட்ட பிறகு யாரோ பதிவைத் திருத்தியிருக்கலாம். அறிக்கையும் உங்கள் வினவலும் பொருந்தாவிட்டால், அறிக்கையின் அடியில் உள்ள வினவலைத் திறந்து இணைப்புக் கோடுகளைப் பாருங்கள். இரு பக்கமும் பொருந்தும் பதிவுகளை மட்டும் எடுக்கும் இணைப்பாக இருந்தால், கிராம அலுவலர் பிரிவு வெறுமையாக உள்ள கமக்காரர் ஒருவரும் அறிக்கையில் வரமாட்டார். அவரின் நெல் களஞ்சியத்தில் இருக்கும், பணமும் கொடுத்திருப்பார்கள், மொத்தத்தில் மட்டும் அவர் இருக்கமாட்டார். "பொருந்தாதவற்றைத் தேடு" என்ற வினவல் உதவியாளரை ஓட்டி அந்தப் பெயர்களை எடுங்கள். பட்டியலைச் சங்கத்தின் கூட்டத்தில் வாசித்தால், எந்தக் கண்டம், எந்தப் பிரிவு என்று பக்கத்து வயற்காரரே சொல்லிவிடுவார்.